பிலிப்பைன்ஸுக்கு எந்தப் படம் ஒட்டுவது: கையுறையா, கூடைப்பந்தா?

செல்வம் (மதுரை):

எல்லோருக்கும் வணக்கம். மதுரைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். விளையாட்டு விழாவுக்காக ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பெரிய உலக வரைபடம் ஒன்று செய்கிறார்கள். ஒவ்வொரு நாட்டின் மேலும் அந்த மக்கள் உயிராக நினைக்கும் விளையாட்டின் படத்தை வெட்டி ஒட்ட வேண்டும். பிரேசிலுக்குக் கால்பந்து, நியூசிலாந்துக்கு ரக்பி, நமக்குக் கிரிக்கெட் என்று மளமளவென்று போனது. பிலிப்பைன்ஸில் வந்து நின்றுவிட்டது.

ஒரு பையன் குத்துச்சண்டைக் கையுறையை ஒட்டினான். மேனி பாக்கியாவ் பிறந்த நாட்டுக்கு வேறு எதை ஒட்டுவது என்கிறான். ஒரு மாணவி அதைப் பிய்த்துவிட்டுக் கூடைப்பந்தை ஒட்டினாள். அவளுடைய மாமா மணிலாவில் மருத்துவம் படித்தவர். அங்கே தெருவுக்குத் தெரு கூடைப்பந்து வளையம்தான் என்று சொல்லியிருக்கிறார்.

நான் ஒலிம்பிக் கணக்கைப் பார்த்தேன். 2024 பாரிஸ் வரைக்கும் பிலிப்பைன்ஸ் வாங்கிய பதக்கங்கள் மொத்தம் 18. அதில் 10 குத்துச்சண்டையில் வந்தவை. கூடைப்பந்தில் ஒன்றுகூட இல்லை. அப்படியிருக்க, கூடைப்பந்து எப்படி முதல் விளையாட்டாகும்? மெக்சிகோ, கானா இரண்டுக்கும் கையுறைதான் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதுவும் சரிதானா என்று தெரியவில்லை. அந்த மக்களோடு பழகியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஒட்டி முடிக்க வேண்டும்.

ரகு:

மெக்சிகோவுக்கு மட்டும் நான் சொல்கிறேன் சார். குவாதலஹாரா நகரத்தில் இரண்டு வருடம் மென்பொருள் வேலையில் இருந்தேன். அங்கே கால்பந்துதான் முதலில். சிவாஸா அட்லாஸா என்று, அந்த ஊரின் இரண்டு கால்பந்து அணிகளுக்காக அலுவலகமே இரண்டாகப் பிரிந்து நிற்கும். ஆனால் குத்துச்சண்டை அதற்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. சனிக்கிழமை இரவில் டாக்கோ கடைத் தொலைக்காட்சியில் சண்டை ஓடும். சாப்பிட வந்தவர்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே பார்ப்பார்கள். செப்டம்பர் 16 அவர்கள் சுதந்திர நாள். அதையொட்டிய சனிக்கிழமையில் அமெரிக்காவில் ஒரு பெரிய சண்டை வைப்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. கனேலோ ஆல்வரஸ் குவாதலஹாராக்காரர் என்பதால் எங்கள் ஊரில் அன்றைக்குச் சாலையே காலியாகிவிடும்.

1993 பிப்ரவரி 20 அன்று ஹூலியோ சேஸர் சாவேஸ் சண்டை போட்டதைப் பார்க்க மெக்சிகோ நகரத்தின் அஸ்டெக்கா மைதானத்துக்கு 1 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல் ஆட்கள் வந்தார்கள். அது கால்பந்து மைதானம். குத்துச்சண்டை வளையம் 20 அடிச் சதுரம் என்று வைத்துக்கொண்டால்கூட, மேல் படிக்கட்டில் இருந்தவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்படியும் வந்தார்கள். நீங்கள் கால்பந்தைப் பெரிதாகவும் கையுறையைச் சிறிதாகவும் ஒட்டலாம்.

ஆறுமுகநயினார் (தூத்துக்குடி):

செல்வம் சார், உங்கள் மாணவி சொல்வதுதான் சரி. அதற்காகப் பையன் சொல்வது தப்பு என்று ஆகாது. கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் 19 வருடம் சரக்குக் கப்பலில் என்ஜின் பக்கம் வேலை பார்த்தவன். பெரும்பாலும் நிலக்கரி, தானியம், இரும்புத்தாது ஏற்றும் கப்பல்கள். 20, 22 பேர் இருக்கும் கப்பலில் பாதிக்கு மேல் பிலிப்பைன்ஸ்காரர்கள். ஒன்பது மாதம் அவர்களோடுதான் சாப்பாடு, சண்டை, சமாதானம் எல்லாம்.

நான் ஏறிய கப்பல்களில் அநேகமாக எல்லாவற்றிலும் கூடைப்பந்து வளையம் இருந்தது. கப்பல் கட்டும்போது வந்தது இல்லை. பிட்டர், அதாவது குழாய் வேலை பார்ப்பவர், பழைய குழாயை வளைத்து வெல்டிங் வைத்து, ஒரு தகட்டைப் பின்பலகையாக்கி, பின்தளத்தில் நிறுத்தியிருப்பார். பந்து கடலுக்குள் போகாமல் இருக்கச் சுற்றிலும் பழைய வலை கட்டுவார்கள். அப்படியும் போகும். ஒரு முறை சூயஸிலிருந்து பிரேசிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் நான்கு பந்து போயிற்று. கடைசிப் பந்தும் போன அன்றைக்கு மெஸ் ரூமில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சரக்கு இறக்கிக் கழுவி முடித்த கீழறை காலியாக இருந்தால் அங்கே இறங்கி விளையாடுவார்கள். காலில் ரப்பர் செருப்புத்தான். என்ஜினுக்கு எண்ணெய் போடும் ஆயிலர் ஒருவர், என்னைவிட அரை அடி குட்டை, ஆறடிப் பையன்களுக்கு நடுவில் புகுந்து பந்தை எடுத்துக்கொண்டு போவதைப் பார்க்க வேண்டும்.

அவர்களுக்கு அது கோயில் கொடை மாதிரி. ஊர்த் திருவிழா என்றால் கூடைப்பந்துப் போட்டி உண்டு. கூரை போட்ட ஊர்ப்பொது ஆடுகளத்தில்தான் கல்யாணப் பந்தி, தேர்தல் கூட்டம், புயல் வந்தால் தங்குமிடம் எல்லாமே. அமெரிக்கர்கள் ஆண்ட காலத்தில் பள்ளிக்கூடங்கள் வழியாகப் பரவிய விளையாட்டு. 1954 உலகப் போட்டியில் மூன்றாம் இடம் வாங்கினார்கள். ஆசியாவில் வேறு எந்த நாடும் இன்றுவரை அவ்வளவு தூரம் போகவில்லை. 1975இல் தொழில்முறை லீக் தொடங்கினார்கள், ஆசியாவில் அதுதான் முதலாவது. 2023இல் உலகக் கோப்பையை அவர்களும் சேர்ந்து நடத்தியபோது முதல் நாள் ஆட்டத்துக்கு 38,115 பேர் வந்தார்கள். அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே பெரிய கூட்டம் அதுதான். அன்றைக்கு டொமினிக்கன் குடியரசிடம் 87-81 என்று தோற்றார்கள். அடுத்த நாள் காலை எங்கள் கப்பலில் வழக்கம்போலப் பந்து தட்டும் சத்தம் கேட்டது. தோற்றாலும் அவர்களுக்கு அது குறைவதே இல்லை.

இப்போது குத்துச்சண்டைக்கு வருகிறேன்.

2015 மே 3. அமெரிக்காவில் அப்போது 2ஆம் தேதி இரவு. பாக்கியாவுக்கும் அமெரிக்க வீரர் மேவெதருக்கும் லாஸ் வேகாஸில் சண்டை. நாங்கள் சிங்கப்பூருக்குக் கிழக்கே நங்கூரம் போட்டு நின்றோம். ஞாயிற்றுக்கிழமை நண்பகல். வேலைக்கு அனுப்பினால் யாரும் போக மாட்டார்கள் என்று தலைமைப் பொறியாளருக்குத் தெரியும், அவரே விடுமுறை சொல்லிவிட்டார். கப்பலில் படம் பார்க்கும் அளவுக்கு இணையம் கிடையாது. சிங்கப்பூர் சிம் போட்ட ஒரே ஒரு போன், அது எங்கள் போசனுடையது, தளத்து ஆட்களுக்குத் தலைவர். அவர் ஜெனரல் சாண்டோஸ்காரர், பாக்கியாவ் வளர்ந்த ஊர். அவருடைய தம்பி அங்கே ஊர்க் கூடைப்பந்து மைதானத்தில் பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு குத்தையும் போனில் சொல்கிறார். போசன் அதைக் கேட்டு மெஸ் ரூமுக்கு உரக்கச் சொல்கிறார். சண்டை ஆரம்பிக்கவே ரொம்பத் தாமதமாயிற்று. சமையல்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். நான்காவது சுற்றில் பாக்கியாவ் ஒரு இடதுகை போட்டபோது நாற்காலி விழுந்த சத்தம் எனக்கு இன்றும் ஞாபகம். பன்னிரண்டு சுற்றும் முடிந்து, நடுவர்கள் மூன்று பேரும் மேவெதருக்கே கொடுத்தார்கள் என்று போசன் சொன்னதும் ஒரு சத்தமும் இல்லை. 15 பேர் ஒரு அறையில் இருந்து அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை.

அந்த 15 பேரில் ஒருவர்கூட வாழ்க்கையில் கையுறை மாட்டியவர் இல்லை. இதைத்தான் உங்கள் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். கூடைப்பந்து அவர்கள் விளையாடும் விளையாட்டு. குத்துச்சண்டை, அவர்களுக்காக ஒருவர் போய் விளையாடிவிட்டு வருவது.

பதக்கக் கணக்குக்கும் காரணம் இருக்கிறது. கூடைப்பந்து வளையம் 10 அடி உயரத்தில் இருக்கிறது, எல்லா நாட்டுக்கும் ஒரே 10 அடி. குட்டையான மக்கள் எவ்வளவு நேசித்தாலும் உலக அளவில் அங்கே முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். குத்துச்சண்டையில் எடை பார்த்துத்தான் ஆள் நிறுத்துகிறார்கள். 50 கிலோ ஆளுக்கு எதிரே 50 கிலோ ஆள். பாஞ்சோ வில்லா 1923இல் நியூயார்க்கில் ஜிம்மி வைல்டை வீழ்த்தி உலக சாம்பியன் ஆனார். ஆசியாவிலிருந்து முதலில் ஆனவர் அவர்தான், ஃபிளைவெயிட், 51 கிலோவுக்குள். இரண்டே வருடத்தில் பல் தொற்றில் இறந்துவிட்டார், வயது 23. பாக்கியாவ் 1998இல் வாங்கிய முதல் உலகப் பட்டமும் அதே எடையில்தான். அங்கிருந்து 2010க்குள் எட்டு எடைப்பிரிவில் பட்டம் வாங்கினார். வேறு யாரும் அதைச் செய்ததில்லை. 14 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி, சீட்டு இல்லாமல் கப்பலில் ஒளிந்து மணிலா போய்ச் சேர்ந்த பையன் அவர். தெருவில் ரொட்டி விற்றவர். கப்பலில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரர் ஒவ்வொருவருக்கும் அந்தக் கதை தன் கதை. 2016இல் செனட்டராக்கினார்கள். 2022இல் அதிபர் தேர்தலில் நின்றபோது அவ்வளவு வாக்கு விழவில்லை, அது வேறு விஷயம்.

அப்புறம் இன்னொன்றையும் கவனித்தேன். பாக்கியாவுக்கு வயதான பிறகு மெஸ் ரூமில் அப்படிக் கூட்டம் கூடவில்லை. அவர்கள் நாட்டின் இன்னொரு குத்துச்சண்டை வீரர் நோனிட்டோ டொனேர் சண்டைக்கு நாலைந்து பேர் கேட்பார்கள், அவ்வளவுதான். ஆனால் பின்தளத்தில் இருக்கும் வளையத்தை யாரும் கழற்றவில்லை.

வடசென்னைக்காரன்:

அண்ணாச்சி சொல்வதைப் படிக்கும்போது எங்கள் பக்கம்தான் ஞாபகம் வருகிறது. எங்கள் தாத்தா ராயபுரம். அவர் காலத்தில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச்சண்டைக் குழுக்களின் பெயரைச் சொன்னாலே யார் எந்தப் பக்கம் என்று குடும்பமே கட்சி பிரிந்திருக்கும். மாநிலம் முழுக்க அந்தப் பைத்தியம் இருந்ததா என்றால் இல்லை. துறைமுகத்தை ஒட்டிய சில பேட்டைகளில் இருந்தது. அங்கே மட்டும் மற்ற எந்த விளையாட்டையும்விடப் பெரிதாக இருந்தது.

1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார். எம்.ஜி.ஆர். வந்திருந்தார். எங்கள் அப்பா நேரு ஸ்டேடியத்தில் அதைப் பார்த்தார். அலி சிரித்துக்கொண்டே ஆடினார், கால் மட்டும் தரையில் படவே இல்லை என்று அப்பா இன்றைக்கும் சொல்வார். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் என் வயதுப் பையன்கள் எடுத்தது கிரிக்கெட் மட்டையையும் கேரம் போர்டையும்தான். ஒரு பேட்டையின் விளையாட்டு ஒரு தலைமுறையில் இப்படிப் போய்விடும் என்று நினைக்கவில்லை. ரொம்ப வருத்தம்தான்.

செல்வம் (மதுரை):

ரகு, ஆறுமுகநயினார் அண்ணாச்சி, வடசென்னைக்காரர், மூவருக்கும் நன்றி. இதை வகுப்பில் அப்படியே வாசித்தேன். நான்காவது சுற்று வந்தபோது கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்கார்ந்தது.

கையுறை ஒட்டிய பையன் இரண்டு கேள்வி கேட்கிறான். ஒன்று, அவ்வளவு பிடிக்கும் என்றால் ஏன் அவர்கள் பிள்ளைகளைக் குத்துச்சண்டைக்கு அனுப்பவில்லை? இரண்டு, கானாவுக்கு என்ன செய்வது?

ஆறுமுகநயினார் (தூத்துக்குடி):

முதலில் கானா. தேமா துறைமுகத்தில் பதினோரு நாள் நின்றோம். ஒரு நாள் கரை அனுமதி கிடைத்து அக்ரா போனேன். நாடு முழுக்கக் கால்பந்துதான் சார், அதில் சந்தேகமே வேண்டாம். ஆப்பிரிக்கக் கோப்பையை நான்கு முறை வாங்கியவர்கள். 2010 உலகக் கோப்பையில் கால் இறுதி வரை போனார்கள். ஆனால் அக்ராவில் ஜேம்ஸ்டவுனை ஒட்டி புக்கோம் என்று ஒரு பகுதி இருக்கிறது. கா இன மக்கள், மீன்பிடித் தொழில். படகு, வலை, கருவாட்டு வாசம் என்று நம்ம திரேஸ்புரத்தில் நிற்பது போல இருந்தது. அங்கே போனால் கால்பந்து இரண்டாவதாகிவிடுகிறது. சந்துக்குள் ஒரு உடற்பயிற்சிக் கூடம், கூரை பாதிதான். பத்து வயதுப் பையன்கள் வரிசையில் நின்று பையைக் குத்துகிறார்கள். அந்த மக்களுக்குள் தெருவுக்குத் தெரு கைச்சண்டை போடும் பழைய வழக்கம் இருந்திருக்கிறது. கையுறை அப்புறம் வந்தது. 1975இல் கானாவின் முதல் உலக சாம்பியன் டி.கே. பாய்சன், 1984இல் அசுமா நெல்சன், அதற்குப் பிறகு ஐக் குவார்ட்டி. சின்ன நாடு, அதில் ஒரு மூலை, அங்கிருந்து இத்தனை பேர். அதனால் கானா முழுவதற்கும் கையுறையை ஒட்டாதீர்கள். கடற்கரை ஓரத்தில் அக்ரா இருக்கும் இடத்தில் ஒட்டுங்கள். வடசென்னைக்காரர் தம்பி சொன்னதும் இதேதான். குத்துச்சண்டைக்கு நாட்டு எல்லையைவிடப் பேட்டை எல்லைதான் பொருந்தும்.

பையனுடைய முதல் கேள்வியை நான் அந்தப் போசனிடமே கேட்டிருக்கிறேன். மேவெதர் சண்டை நடந்த அன்றைக்கு இரவு, பன்னிரண்டு மணிக் காவலில். அவருக்கு அப்போது பத்து வயதில் ஒரு மகன். "பாக்கியாவ் ஊர்க்காரர் நீங்கள், பையனைச் சேர்த்துவிட வேண்டியதுதானே?" என்றேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அவருடைய அண்ணன் 17 வயதில் ஊர்த் திருவிழாச் சண்டைகளில் இறங்கியவராம். ஒரு சண்டைக்குக் கிடைக்கும் பணத்தில் இரண்டு மூட்டை அரிசி வாங்கலாம். 24 வயதில் நிறுத்தினார். இப்போது பேச்சு குழறும், சாயங்காலம் ஆனால் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றுவிடுவார். "நான் கடலுக்கு வந்ததே என் மகன் தலையில் யாரும் குத்தக்கூடாது என்பதற்குத்தான் சார்" என்றார். அதைச் சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை. பாக்கியாவ் மேல் அவருக்கு இருந்த பாசமும் குறையவில்லை. அறையில் கட்டிலுக்கு மேலே அவர் படத்தை ஒட்டி வைத்திருந்தார், நான் இறங்கும்வரை அது அங்கேயேதான் இருந்தது.

வீட்டில் சோறு இருந்தால் பிள்ளையைப் பந்து விளையாட அனுப்புவார்கள். இல்லாதபோதுதான் கையுறை. மேனி பாக்கியாவ்களை அந்த நாடு அவ்வளவு நேசிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். தங்கள் பிள்ளைக்குப் பதிலாக அடி வாங்கிய பிள்ளை.

படத்துக்கு வருகிறேன். நாடு முழுவதற்கும் பெரிய கூடைப்பந்து. மின்டனாவோ தீவின் தெற்கு ஓரத்தில், சாரங்கானி வளைகுடாவின் தலையில் ஜெனரல் சாண்டோஸ் இருக்கிறது. அங்கே ஒரு சின்னக் கையுறை. மெக்சிகோவுக்கு ரகு தம்பி சொன்னபடி செய்யுங்கள்.

செல்வம் (மதுரை):

ஒட்டிவிட்டோம் அண்ணாச்சி. கையுறையை நகம் அளவுக்கு வெட்டியது அதே பையன்தான். அட்லஸில் இடம் தேடிக் கொடுத்தது அந்த மாணவி. கானாவில் அக்ராவுக்கு இடம் போதாமல் கையுறை பாதி கடலில் நிற்கிறது, பரவாயில்லை.

பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து இன்னொன்று கேட்கச் சொன்னார்கள். போசன் மகன் இப்போது என்ன செய்கிறான்?

ஆறுமுகநயினார் (தூத்துக்குடி):

கடல்சார் கல்லூரியில் படித்துவிட்டுப் போன வருடம் கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாக, கப்பல் ஏறினான். போசன் இப்போதும் எனக்குச் செய்தி அனுப்புவார். ஏறிய அன்றைக்குப் பையன் அப்பாவுக்கு ஒரு படம் அனுப்பியிருக்கிறான். கப்பலின் பின்தளம், துருப்பிடித்த குழாய், அதன் மேலே வளையம். வலை கிழிந்திருக்கிறது, எப்படிப் பின்னுவது என்று கேட்டிருந்தானாம்.